வெளியே மூன்று, உள்ளே இரண்டு

கூண்டைத் திறந்துவிடுவதென்றால் அந்த அறையில் பதினொரு வேலைகள் இருந்தன. முதலில் மின்விசிறி. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூன்று இறக்கைகளும் முழுதாக நின்றுவிட்டனவா என்று தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தது ஜன்னல்கள் இரண்டு. கண்ணாடியை மூடி, கொசுவலையின் நான்கு ஓரங்களையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். எங்கள் பக்கம் உப்பளத்துக் காற்று. எந்தக் கம்பியானாலும் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து விட்டுப்போகும். மூன்றாவது குளியலறை. லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் கேளம்பாக்கத்து வீடுகளில் எல்லாம் இருப்பதுபோல எங்கள் குளியலறையிலும் எப்போதும் இரண்டு பக்கெட் நிறைந்தே நிற்கும். உள்ளே விழுந்தால் அந்த வழவழப்பில் அவற்றால் ஏறி வர முடியாது. அதனால் பக்கெட்டுகளுக்குத் தட்டு, கழிப்பறைக்கு மூடி, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்று மூன்று பூட்டு. பிறகு கொசு மருந்தைப் பிடுங்குவது, பீரோவின் பின்னால் இருக்கும் சந்தில் போர்வையைச் சுருட்டிச் செருகுவது, சார்ஜர் வயரை எடுத்து வைப்பது. அறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அங்கே என் துண்டை நீளமாக மடித்து வைப்பேன். அது ஒன்பதாவது. பத்தாவது, கூண்டைத் திறந்துவிட்டு, காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நடந்து வந்து சுவரோரம் உட்கார்வது. பதினொன்றாவது எண்ணுவது.

அவை சுகர் கிளைடர்கள். என் மருமகள் வாங்கி வளர்த்தவை. அணிலைவிடக் கொஞ்சம் சிறியவை, சாம்பல் நிறம், நெற்றியிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தோல் மடிந்து கிடக்கும். உயரத்திலிருந்து தாவும்போது அது கைக்குட்டைபோல விரியும். பகலெல்லாம் கூண்டில் தொங்கும் தூங்குபைக்குள் தூங்கி, இருட்டியதும் விழிக்கும். பெண்ணுக்குக் கங்காருவைப்போல வயிற்றில் ஒரு பை உண்டு. இதை அவை வீட்டுக்கு வந்த அன்றே மருமகள் எனக்குச் சொன்னாள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அவற்றுக்கு அவள் அழகான பெயர்கள் வைத்திருந்தாள். எனக்கு ஆணின் பெயர் ஒன்று, பெண்ணின் பெயர் இரண்டு. அப்படித்தான் கூப்பிட்டேன். முதலில் முகம் சுளித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

எண்ணுவது எனக்குத் தொழில் கொடுத்த பழக்கம். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். வயிற்றைத் திறக்கும்போது உள்ளே ரத்தம் ஒற்றுவதற்கு வைக்கும் துணிக்கு எங்கள் பேச்சில் மாப் என்று பெயர். தொடங்கும்முன் எத்தனை மாப், தையல் போடும்முன் எத்தனை, போட்ட பிறகு எத்தனை என்று மூன்று முறை உரக்க எண்ணி, போர்டில் எழுதுவோம். ஒருவர் எண்ண, இன்னொருவர் 'சரி' என்று சொல்ல வேண்டும். அந்தச் சரி வராமல் டாக்டர் ஊசியைத் தொடமாட்டார். ஒரு முறை ஒன்று குறைந்தது. நாற்பது நிமிடம் எல்லோரும் நின்றோம். கடைசியில் அது ஒரு நர்ஸின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்குக் குறைந்தால் தேடுவோம், அதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கணக்குச் சரியாக இருந்தால் தேடமாட்டோம் என்பதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாப் ஐந்தைந்தாகக் கட்டி வரும். கட்டின் மேலே ஐந்து என்று எழுதியிருந்தாலும், கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத்தான் எண்ண வேண்டும். சில கட்டுகளில் ஆறு இருக்கும். ஆறு இருக்கும் கட்டை ஐந்து என்று எழுதிக்கொண்டால், கடைசியில் ஐந்து திரும்பி வந்ததும் எல்லோரும் சரி என்பார்கள். ஆறாவது உள்ளேயே இருக்கும். முப்பத்தோரு வருடத்தில் ஒரு கட்டைக்கூட நான் பிரிக்காமல் எண்ணியதில்லை.

என் மனைவி போன பிறகு செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் கப்பலில் வேலை செய்கிறான், வருடத்தில் எட்டு மாதம் கடலில். ஆகவே வீட்டில் நானும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மருமகளும், ஒன்றும் இரண்டும்தான்.

திண்டிவனத்தில் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அவள் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அன்று மகன் போனில் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அப்பாகிட்ட வுடாத. டென்ஷன் ஆயிடுவாரு, உன்னையும் டென்ஷன் பண்ணுவாரு. கடைக்காரன்கிட்டயே கொஞ்ச நாளு குடுத்துடு."

"கடைக்காரனுக்கு நூறு கூண்டு. மாமாதான் கரெக்ட். அவரு எண்ணாம கதவ மூடமாட்டாரு" என்றாள் அவள்.

ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் என்னை நம்பி ஓர் உயிரை விட்டுச் சென்றது அதுதான் முதல் முறை. என்னைக் கவலைப்பிராணி என்று சொல்லாதவர்கள் குறைவு. அந்தக் கவலையையே ஒருத்தி தகுதியாக எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே அறைச் சுவரில் ஒரு வெள்ளை போர்டு மாட்டி, நாள், வெளியே, உள்ளே என்று மூன்று கட்டம் போட்டேன்.

அவள் விட்டுச் சென்ற காகிதத்தில் எல்லாம் அளவோடு இருந்தது. ஏழரைக்குத் திறப்பது, எட்டரைக்கு அடைப்பது. தூங்குபைக்குள் கை விடக்கூடாது. பழம் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு. அதற்குமேல் இனிப்பு வேண்டாம், கொழுத்துவிடும்.

கீழ்வீட்டில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் இருக்கிறார். கேளம்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஓட்டுபவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், வாய்க்குப் பூட்டு கிடையாது. ஏழரைக்கு மேல் ஒரு மணி நேரம் கதவைத் தட்டவேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா நைனா, எலிக்கு டூட்டி பாக்கிறியா?"

"எலி இல்லப்பா. ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஜாதி."

"ஃபாரின் எலியா? பாஸ்போர்ட்டு எங்க கீது? சரி சரி, மொறைக்காத. நான் தட்டமாட்டேன். ஒரு மணி நேரம் ஃபேன் இல்லாம உள்ள குந்திக்கினு இருக்கப்போறியே, உனுக்கு எதுனா ஆச்சின்னா யார் கணக்கு எழுதுறது?"

முதல் இரண்டு நாள் காகிதத்தில் இருந்தபடியே நடந்தேன். மூன்றாம் நாள் இரண்டு என் தோளில் ஏறி, சப்போட்டா வாசம் இருந்த என் விரலை இரண்டு கையாலும் பிடித்து நக்கியது. அந்தக் கைகளில் ஐந்தைந்து விரல்கள். எண்ணினேன். இன்னொரு துண்டு கொடுத்தேன். ஒன்று சும்மா இருக்குமா, அதற்கும் ஒரு துண்டு. மறுநாளும் அப்படியே. ஒரு நாளைக்குக் கூடுதலாக இரண்டு துண்டு. பிடித்தவர்களுக்குக் கூடுதலாக எடுத்து வைப்பதைத் தவிர அன்பைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. இதை மட்டும் நான் போர்டில் எழுதவில்லை.

பத்தொன்பதாம் நாள் மருமகள் போன் செய்தாள்.

"மாமா, நேத்து நீங்க அனுப்புன போட்டோவுல அவ வயிறு கொஞ்சம் ஒரு மாதிரி தெரியுது. கைல எடுத்து, நடுவுல தடவிப் பாருங்களேன். கட்டி மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க, வெளிய விடவேணாம். டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

அன்று மாலை தடவிப் பார்த்தேன். இருந்தது. வயிற்றின் நடுவே, வேர்க்கடலை அளவுக்கு, இரு பக்கமும் சமமில்லாத ஒரு பருமன். என் விரல்களுக்கு முப்பத்தோரு வருடப் பழக்கம், அவை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது வேறு கணக்கு. பதினேழு நாள், நாளைக்கு இரண்டு, மொத்தம் முப்பத்து நான்கு துண்டு சப்போட்டா. கொழுத்துவிட்டது. என்னால் கொழுத்துவிட்டது. கட்டி என்று சொன்னால் டாக்டர் வருவார், என்ன சாப்பிட்டது என்பார், அவள் என்னைப் பார்ப்பாள்.

திருப்பிப் போன் செய்து, "ஒன்னும் இல்லம்மா" என்றேன்.

"நல்லாத் தடவிப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். ஒன்னும் இல்ல."

"அப்பாடா. நீங்க பாத்தா சரிதான்."

அன்றோடு கூடுதல் துண்டை நிறுத்தினேன். அதோடு நிற்காமல், ஏறின உடம்பை இறக்க வேண்டும் என்று விளையாட்டு நேரத்தை எழுபத்தைந்து நிமிடம் ஆக்கினேன். இரண்டு வாரத்துக்குள் தொண்ணூறு. மின்விசிறி இல்லாத அறையில் பனியன் நனைந்து முதுகோடு ஒட்ட, திரைச்சீலைக் கம்பியிலிருந்து பீரோவுக்கு, பீரோவிலிருந்து என் மார்புக்கு என்று இரண்டைத் தாவவைத்தேன். தாவல்களை எண்ணினேன். நாற்பதுக்குக் குறைந்தால் அவற்றின் தீனிப் புழு இருக்கும் டப்பாவைக் குலுக்கி, ஆசை காட்டி மறுபடி ஏற்றினேன். வயிற்றில் குட்டி இருந்தவளை நான் அப்படி வேலை வாங்கினேன். பருமன் குறையவில்லை, கூடியது. சப்போட்டா நின்று பத்து நாளாகியும் ஏன் கூடுகிறது என்று ஒரு நொடி நின்று யோசித்திருந்தால் விடை கையிலேயே இருந்தது. நான் நேரத்தைக் கூட்டினேன்.

முப்பத்து நான்காம் நாள் வயிறு வற்றியிருந்தது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. கீழே இறங்கிப் போய் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "பதினஞ்சு நாள்ல எறக்கிட்டேன்பா."

"எலியயா? நைனா, எம் பொண்டாட்டியயும் ஒரு பதினஞ்சு நாளு உங்கைல வுடட்டா?" உள்ளேயிருந்து அவர் மனைவி ஏதோ திட்டியது கேட்டது. மூவரும் சிரித்தோம்.

குட்டி வயிற்றுப் பையை விட்டு வெளியே வந்திருந்தது. தூங்குபைக்குள் கை விடக்கூடாது என்பதால் நான் கை விடவில்லை. அந்த ஒரு விதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு கீச்சு கேட்டது. பல்லி என்று நினைத்து, பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முப்பத்தாறாம் நாள் ஏழரைக்கு முதல் ஒன்பது வேலைகளையும் முடித்துக் கூண்டைத் திறந்தேன். ஒன்று முதலில் வந்தது. இரண்டு தயங்கித் தயங்கி, முதுகைக் கூனிக்கொண்டு வந்தது. அவற்றின் கண் கூசும் என்று அறையில் சின்ன விளக்கு மட்டுமே எரியும். முதுகில் ஏதோ தூக்கலாகத் தெரிந்ததா என்றால், தெரிந்தது என்றே இப்போது தோன்றுகிறது. தோல் மடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். சுவரோரம் உட்கார்ந்து, "ரெண்டு" என்று உரக்கச் சொன்னேன். சரி சொல்ல அறையில் வேறு ஆள் இல்லை. இத்தனை நாளும் எண்ணியவனும் நான்தான், சரி சொன்னவனும் நான்தான். தியேட்டரில் ஒரு நாளும் அனுமதித்திராத காரியம் அது.

இரண்டு தாவ விரும்பவில்லை. நான் டப்பாவைக் குலுக்கினேன். தாவியது. எந்தத் தாவலில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று முப்பத்தொன்று வரை எண்ணினேன்.

ஒன்பது மணிக்கு, அவற்றைக் கூண்டுக்குத் தூக்கிப்போகும் துணிப்பையை விரித்தேன். ஒன்று ஓடிவந்து நுழைந்தது. இரண்டு வரவில்லை. தரையில் கட்டிலடியில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாளும் தரையில் ஓடாத பிராணி. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். கடித்தது. பிடித்துப் பைக்குள் போட்டு, கூண்டில் விட்டுத் தாழ் போட்டேன். போர்டில் முப்பத்தாறு, வெளியே இரண்டு, உள்ளே இரண்டு என்று எழுதினேன். கணக்குச் சரி. தொண்ணூறு நிமிட வேர்வையில் கண் எரிந்தது. அறையின் வெக்கை இறங்கட்டும் என்று மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு குரைக்க ஆரம்பித்தது. அவை குரைக்கும், சின்ன நாய்க்குட்டி போலவே இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தேன். அறையைப் பார்த்த பக்கம் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி இருபத்திரண்டு முறை குரைத்தது. நிறுத்தியது. காதை இப்படியும் அப்படியும் திருப்பியது. மறுபடி தொடங்கியது. "தொண்ணூறு நிமிஷம் போதலையா உனக்கு? நாளைக்கு" என்று சொல்லிக் கூண்டின்மேல் துணியைப் போர்த்தினேன்.

ஜன்னலுக்குக் கீழேயிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா நைனா, நாய் வாங்கிட்டியா?"

பதினொன்றரை வரை கேட்டது. அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருந்தது கணக்குத் தப்பு என்பதுதான். நான் போர்டை நம்பினேன்.

காலையில் அறையைப் பெருக்கப் போனேன். கதவடியில் கிடந்த துண்டை எடுத்தேன். மடிப்புக்குள்ளிருந்து ஏதோ நழுவி என் பாதத்தில் விழுந்தது. என் கட்டைவிரல் அளவு. மெல்லிய சாம்பல் பூச்சு, கண் இன்னும் திறக்கவில்லை, முதுகில் பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கோடு. எப்படி அவ்வளவு தூரம் வந்ததோ. வழவழப்பான டைல்ஸ் தரையில் பஞ்சுபோல இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். என் வேர்வை வாசம், அவற்றுக்குப் பழகிய வாசம், அதில் இருந்திருக்கும். தாயின் சூடு இல்லாத அந்த உடம்புக்கு மேலே இரவெல்லாம் மின்விசிறி ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றவிட்டது நான்.

உள்ளங்கையில் வைத்து ஊதினேன். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் கைகளிலும் ஐந்தைந்து விரல்கள் இருந்தன.

தியேட்டரிலிருந்து வந்த பழக்கத்தில் வீட்டில் எப்போதும் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒரு சுருள் வைத்திருப்பேன். அதில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி, பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியில் வைத்து மூடினேன். மண் தோண்டுவதைக் கீழே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு மேலே வந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நைனா, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பொண்ணுக்கு இப்பிடி ஒண்ணு இருந்ததே தெரியாது. ரெண்டு வுட்டுட்டுப் போச்சு, ரெண்டு கீது. டேலி ஆயிடுச்சு. அதும் அங்க அம்மாவ வெச்சிக்கினு பேஜார்ல கீது. நீ வேற எதுக்குச் சொல்லி அழுவ வெக்கிற? வுட்டுடு."

விட்டுவிட்டேன். ஐந்து நாள்.

தினமும் காலை எட்டேகாலுக்கு மருமகள் போன் வரும். "ரெண்டும் நல்லா இருக்கா மாமா?" "ரெண்டும் நல்லா இருக்கு." ஐந்து முறை அப்படிச் சொன்னேன், ஐந்து முறையும் பொய் இல்லை. அம்மாவின் பக்கத்தில் தூக்கமில்லாமல் இருப்பவளிடம் போனில் சொல்லக்கூடாது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அது இல்லை. "மாமாதான் கரெக்ட்" என்று சொன்ன ஒருத்தியை நான் இழக்கத் தயாராக இல்லை. செத்ததைப் பற்றி எனக்கு இருக்கும் வருத்தம் ஒரு விதம். அதைவிட அடியில் கிடப்பது இந்த ஐந்து போன்கள்.

அடுத்த மூன்று நாளும் இரண்டு சரியாகச் சாப்பிடவில்லை. கூண்டைத் திறந்தால் நேராகத் தரைக்கு இறங்கி, கதவடிக்குப் போய், துண்டின் மடிப்பில் மூக்கை நுழைத்தது. நான் துண்டை மாற்றினேன். மாற்றிய துண்டிலும் தேடியது.

நாளை வருகிறேன் என்று அவள் சொன்ன அன்று, போர்டு முன்னால் வெகுநேரம் நின்றேன். நாற்பது வரிசை. எல்லாவற்றிலும் இரண்டு, இரண்டு. எங்கள் தியேட்டரில் தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறாம் வரிசையில் 'வெளியே' கட்டத்தில் இருந்த இரண்டின் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே இரண்டு என்பதை அப்படியே விட்டேன்.

மறுநாள் மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அறைக்குள் போனாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன்.

"மாமா!" குரலில் சிரிப்பு இருந்தது. "முப்பத்தாறாம் நாளு மூணுன்னு திருத்தியிருக்கீங்களே. உங்களுக்கே கை தவறிடுச்சா? நம்பவே முடியல!"

அவளே ஒரு வழி திறந்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்துவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன்.

"கை தவறலம்மா. மூணுதான் சரி."

அவள் திரும்பி போர்டைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள். தூங்குபைக்குள் மெல்லக் கை விட்டு இரண்டை எடுத்தாள். மல்லாத்தி வயிற்றுப் பையை விரலால் பிரித்துப் பார்த்தாள். அந்த விரல்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் சப்போட்டாவிலிருந்து தொடங்கினேன். முப்பத்து நான்கு துண்டு, பத்தொன்பதாம் நாள், எழுபத்தைந்து நிமிடம், தொண்ணூறு நிமிடம், டப்பா, மின்விசிறி, துண்டு. எதையும் விடவில்லை.

"நான் கேட்டேனே மாமா" என்றாள்.

"ஆமாம்மா."

"தடவிப் பாத்தேன்னு சொன்னீங்களே."

"பாத்தேன். இருந்துது. நான் போட்ட தீனின்னு நெனச்சேன்."

"தீனின்னு நெனச்சத சொல்லியிருந்தாக்கூட போதுமே. நான் திட்டவா போறேன்?"

பிறகு, "அஞ்சு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க" என்றாள். நீ ரெண்டும் என்றுதானே கேட்டாய் என்ற பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. ஐந்து நாளாகத் தயார் செய்த பதில் அது. சொல்லவில்லை. அதைச் சொல்லாததைத் தவிர அந்த நாற்பத்தொரு நாளில் நான் உருப்படியாகச் செய்தது எதுவும் இல்லை.

எங்கே என்று கேட்டாள். காட்டினேன். இரண்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டே பால்கனியில் தொட்டியருகே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது.

அன்று மாலையிலிருந்து ஏழரை மணி வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். என்னை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆணான ஒன்றுக்கு ஆபரேஷன் செய்து கூட்டிவந்தாள். இனி குட்டிக்கு வழி இல்லை. எந்த மருத்துவர், எத்தனை தையல் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போர்டு இன்னும் சுவரில் இருக்கிறது, நாற்பது வரிசையோடு. யாரும் அழிக்கவில்லை.

மாதங்கள் நான்கு ஆகின்றன. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மின்விசிறி நிற்பது, ஜன்னல், குளியலறைத் தாழ்ப்பாள். ஒன்பதாவது வரும்போது கதவு கொஞ்சம் திறக்கும். "மாமா, துண்டு" என்பாள். அவள் துண்டுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. இருந்தும் என்னிடம்தான் கேட்கிறாள். துவைத்து மடித்தது ஒன்றைத் தருவேன். கதவு சாத்திக்கொள்ளும்.

எட்டரைக்கு உள்ளேயிருந்து, "ரெண்டு" என்று கேட்கும், உரக்க. முதல் வாரங்களில் அப்படிச் சொல்லவில்லை. ஒருநாள் திடீரென்று தொடங்கினாள். நான் உடனே சரி சொல்வதில்லை.

"வயித்தத் தடவிப் பாத்தியாம்மா?"

தேவையில்லாத கேள்வி என்று அவளுக்கும் தெரியும். "பாத்தேன் மாமா. ஒன்னும் இல்ல" என்பாள். என் வார்த்தை. அவள் வாயில் அது உண்மையாக இருக்கிறது.

"சரி" என்பேன்.

அதன் பிறகும் மின்விசிறிச் சத்தம் உடனே வராது. கட்டில் நகரும். போர்வை உதறும் சத்தம். கதவடியில் டார்ச் வெளிச்சம் இடமும் வலமும் போய்வரும். கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம், சில நாள் ஏழு. கணக்குச் சரியான பிறகும் அவள் முழங்காலிட்டு அறை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பிறகுதான் மின்விசிறி சுற்றத் தொடங்கும்.